அம்மாவின் வகுப்பில் அத்தை

என்னோடு ஐந்தாம் வகுப்பு படித்தவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

போன மாதம் கூடலூரில் நம் வகுப்புக்காரி வீட்டுச் சடங்கில் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தோம். முடிக்குச் சாயம் பூசியவர்கள், தொந்திக்கு மேல் பெல்ட்டை ஏற்றிக் கட்டியவர்கள், சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டிய மாத்திரையைத் தேடியவர்கள். ரசத்துக்குச் சோற்றில் குழி பறித்தபடி உங்களில் ஒருவர் சொன்னார்: "வாத்தியாரு வேலைதான்ப்பா வேலை. வருசத்துல பாதி நாளு லீவு. சம்பளத்தக் கேட்டா நமக்குக் கிறுகிறுன்னு வந்துரும்." இலை அதிரச் சிரித்தீர்கள். எனக்கு எதிரே இருந்தவர் சிரித்துப் புரையேறித் தலையில் தட்டிக்கொண்டார்.

ஒரு விசேஷ வீட்டுப் பந்தியில் சண்டை பிடிக்கக் கூடாது என்று எழுந்து கை கழுவப் போனேன். இங்கே பந்தி இல்லை. அதனால் சொல்கிறேன்.

தண்ணீர் வராத அந்த ஆடி மாதம் உங்களுக்கு மறந்துபோய்விட்டது என்றால் நான் நம்ப மாட்டேன். உங்களுக்குப் பத்து வயது. பத்து வயதில் நடந்தது மறக்காது. மறந்தால் சௌகரியம், அவ்வளவுதான்.

இரண்டே அறை கொண்ட பள்ளிக்கூடம் நம்முடையது. ஓட்டுக் கூரை. மூன்றாம் வகுப்பு வரை பெரிய சார். நாலும் அஞ்சும் ஒரே அறையில், ஒரே கரும்பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, என் அம்மா. நான் வீட்டில் அம்மா என்பேன், பள்ளி வாசல் வேப்பமரத்தைத் தாண்டியதும் டீச்சர் என்பேன். உங்களுக்கு அது வேடிக்கை. "ஒங்க டீச்சரு ராத்திரி ஒனக்குச் சோறு ஊட்டுவாகளா?" என்று கேட்பீர்கள். அம்மாவின் கையில் எப்போதும் சாக்பீஸ் வாசனை இருக்கும். இட்லியைப் பிட்டுக் கொடுத்தாலும் அதில் அந்த வாசனை ஏறியிருக்கும். பச்சையும் வெள்ளையுமாகப் பின்னிய ஒயர் கூடை ஒன்று வைத்திருந்தாள். அதில் உங்கள் நோட்டுகள் வீட்டுக்கு வரும், திருத்தப்பட்டுத் திரும்பப் போகும். அந்தக் கூடை எங்கே போனது என்று இப்போது யாருக்கும் தெரியாது.

அந்த வருஷம் ஆனியில் மடை திறக்கவில்லை. நாற்றாங்கால் போடவேண்டிய வயல்கள் வெடித்துக் கிடந்தன. மேற்கே மலை உச்சி கறுத்துக் கிடக்கும். அங்கிருந்து வரும் காற்றில் ஈரம் இருக்கும். கொடியில் காயும் துணி மட்டும் நனையும்படி ஒரு சாரல் அடித்துவிட்டு ஓடிவிடும். ஆற்றில் கரண்டைக் காலுக்குக்கூடத் தண்ணீர் இல்லை. நடவு இல்லை, களையெடுப்பு இல்லை, கூலி இல்லை. விடியற்காலையில் ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஜீப்பில் உங்கள் அம்மாக்கள் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்து குமுளிக்கு ஏறினார்கள். சாயங்காலம் இறங்கும்போது தெருவே ஏலக்காய் மணக்கும். மணத்துக்கு என்ன குறைச்சல். வயிறுதான் காய்ந்தது. வெறுப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

ஊரில் ஈரம் இருந்தது, தோட்டக்காரர் என்று நாம் சொல்லும் அந்தப் பெரிய விவசாயியின் திராட்சைப் பந்தலில் மட்டும்தான். ஆழ்துளைக் கிணறு அவருக்கு இருந்தது. நம் பள்ளியின் கல்விக் குழுத் தலைவரும் அவரே. அவருடைய பந்தலில் குலைக்குள் நெருக்கமாய் இருக்கும் பிஞ்சுகளைக் கிள்ளிவிட வேண்டும். அதற்குச் சின்ன விரல்கள்தான் தோது. நம் வகுப்பில் இரண்டு பெண்கள் ஜூன் மாதம் பள்ளி திறந்தும் வரவே இல்லை. யார் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு பந்தலுக்குப் போனாள். உள்ளே பச்சை இருட்டு. மருந்து வாடை மூக்கைப் பிடித்தது. அந்த இரண்டு பேரும் சாக்கின் மேல் நின்று கிள்ளிக்கொண்டிருந்தார்கள். கொடிக்கு அடிக்கும் மயில்துத்தம் பட்டு உள்ளங்கை நீலமாய் இருந்தது.

தோட்டக்காரர் வரப்பிலேயே நின்று கேட்டார். "என்ன டீச்சரம்மா, ஞாயித்துக்கெழமையும் சம்பளம் உண்டா?"

"நாளைக்கு இந்தப் புள்ளைக வரணும்ணே. அதச் சொல்லத்தான் வந்தேன்."

"அவுக வீட்ல உல வைக்கணும். நீங்க வப்பீகளா? ஒங்களுக்கென்ன, பரீட்ச முடிஞ்சா லீவு, பொங்கலுக்கு லீவு, மழை பேஞ்சா லீவு. ஒண்ணாந் தேதி ஆனா கையில வந்து விழுது. எங்க கொடிக்கு லீவு விட முடியுமா?"

அம்மா அந்தப் பெண்களின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். மறுநாள் அவர்கள் பள்ளிக்கு வந்தார்கள். நீலக் கையோடு பென்சிலைப் பிடித்தார்கள். தோட்டக்காரர் அதை மறக்கவில்லை.

லீவு, லீவு என்கிறீர்களே. மே மாதம் அம்மா வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்ததை நான் பார்த்ததில்லை. ஓட்டர் லிஸ்ட் சரிபார்க்க வீடு வீடாக, போலியோ சொட்டு மருந்துக்குக் குளிர்பெட்டியைத் தூக்கிக்கொண்டு, படிப்பை நிறுத்திய பிள்ளைகளைக் கணக்கெடுக்க மலையடிவாரம் வரை. உங்கள் வீட்டு வாசலில் அவள் நின்றபோது ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்தீர்கள். அது நினைவிருக்கிறது, நன்றி. ஆனால் அப்போது அவள் லீவில்தான் இருந்தாள்.

என் அப்பா குத்தகைக்கு நெல் போட்டவர். அந்த வருஷம் அவருக்கும் வேலை இல்லை. எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது அம்மாவின் சம்பளத்தில். ஊரில் அவரை 'டீச்சர் வீட்டுக்காரர்' என்பார்கள். யாராவது அப்படிக் கூப்பிட்டால் அப்பாவின் கழுத்து நரம்பு புடைக்கும். டீக்கடையில் மற்றவர்கள் ஆசிரியர்களைத் திட்டும்போது அவரும் சேர்ந்து திட்டுவார். திட்டினால் தானும் வெள்ளாமைக்காரன் ஆகிவிடலாம் என்று நினைத்தார் போலும். அது அவருடைய முதல் தப்புக் கணக்கு.

எங்கள் வீட்டில் இன்னொருவர் உண்டு, அத்தை. அப்பாவின் தங்கை. ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, வருஷக் கணக்காகக் காத்திருந்தவர். வேலை வந்தால் நல்ல இடத்தில் கல்யாணம் என்று அதுவும் தள்ளிப்போனது. அவரைப் பயிற்சிக்கு அனுப்பச் சொல்லி அப்பாவிடம் மல்லுக்கு நின்று, நகையை அடகு வைத்துப் படிக்க வைத்தது அம்மா. சாயங்காலம் வாசலில் அம்மா முன்னாலும் அத்தை பின்னாலுமாக உட்கார்ந்து அத்தை அம்மாவுக்குப் பேன் பார்ப்பார். பிறகு இடம் மாறிக்கொள்வார்கள். "எனக்கு அடுத்து பள்ளிக்கூடத்து நாற்காலி ஒனக்குத்தான்டி" என்று அம்மா சொல்லிச் சிரிப்பாள்.

அப்போதுதான் அந்த வேலைநிறுத்தம் வந்தது. மாநிலம் முழுக்க அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் இறங்கினார்கள். சலுகைகள் ஒவ்வொன்றாகப் போனதும், கடைசியில் ஓய்வூதியத்தில் கை வைத்ததும்தான் காரணம் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். அம்மா அதற்கு முன் கொடி பிடித்தவள் இல்லை. சங்கக் கூட்டத்துக்குப் போனால் சந்தா கொடுத்துவிட்டுப் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று திரும்பிவிடுகிறவள்.

"ஊரு வயித்தெரிச்சல்ல கெடக்கு" என்றார் அப்பா. "ஆத்துல தண்ணி இல்ல, சோத்துக்கு இல்ல. இப்பப் போயி எனக்குப் பத்தலைன்னு நிப்பியா நீ?"

"பத்தலைன்னு யாரு சொன்னது? குடுத்தத புடுங்காதன்னு சொல்லப் போறோம்."

"சனத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"சனம் என்னைய விட்டுருமா? எல்லாப் புள்ளையும் எங்கிட்டப் படிச்சதுதான?"

அதில் அப்பா சொன்னதுதான் நடந்தது. அவர் சொன்னவற்றில் சரியாக நடந்தது அது ஒன்றுதான். ஊர் தன்னை விடாது என்று அம்மா நம்பினாள். பதினைந்து வருஷம் ஒரே ஊரில் எழுத்துச் சொல்லிக் கொடுத்தவளுக்கு ஊரைப் படிக்கத் தெரியவில்லை.

பள்ளி பூட்டப்பட்டது. முதல் இரண்டு நாள் உங்களுக்குக் கொண்டாட்டம். ஆற்று மணலில் கிட்டிப்புள் அடித்தீர்கள். மூன்றாம் நாளிலிருந்து வீட்டில் பேச்சுக் கேட்டிருக்கும். நான் கடைக்குப் போனால் பின்னாலேயே வந்தீர்கள். பால்காரம்மா எங்கள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தாமலே போனார். நான் சொம்பை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"சம்பளம் பத்தாதவுகளுக்கு எம் பாலு எதுக்குத்தா? ஒங்கம்மாவ சர்க்காருகிட்டக் கறந்துக்கிறச் சொல்லு."

வெறும் சொம்போடு திரும்பினேன். எங்கள் கதவில் யாரோ சாணி அடித்திருந்தார்கள். அத்தை தண்ணீர் ஊற்றித் துடைப்பத்தால் தேய்த்துக் கழுவினார். அம்மா அன்று காலையிலேயே தேனிக்குப் போயிருந்தாள், மறியலுக்கு.

சாயங்காலம் அவள் வரவில்லை. மறியல் செய்தவர்களைப் போலீஸ் வேனில் ஏற்றி முதலில் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்து, பிறகு மதுரைக்குக் கொண்டுபோனதாகப் பெரிய சாரின் மனைவி வந்து சொன்னார். பெரிய சாரும் அதே வேனில்தான் போயிருந்தார். அவர் மனைவி எங்கள் வீட்டில் உட்கார்ந்து அழுதார். அப்பா அழவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனார்.

அடுத்த நாளோ அதற்கு அடுத்த நாளோ, அப்பாவைச் சாப்பிடக் கூப்பிட நான் டீக்கடைக்குப் போனேன். தொலைக்காட்சிச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. வேலைக்குத் திரும்பாதவர்கள் எல்லாரும் வேலையை விட்டு நீக்கப்பட்டார்கள் என்று செய்தி வாசிக்கிற பெண் சொன்னார். கடையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். நான் என் காதால் கேட்டேன். உங்கள் அப்பாக்கள் தட்டினார்கள். நாலு அடி தள்ளி பெஞ்சில் என் அப்பா இருக்கும்போதே தட்டினார்கள்.

"எல்லாருக்கும் ஒரு டீ போடுப்பா" என்றார் தோட்டக்காரர். "எங் கணக்கு."

கிளாஸ்கள் தட்டில் வந்தன. அப்பாவுக்கும் ஒன்று நீட்டப்பட்டது. கடையே அவரைப் பார்த்தது. அப்பா அதை வாங்கினார். ஊதினார். குடித்தார்.

அப்பாவை எனக்கு அதற்குப் பிறகு பிடிக்கவில்லை. அவர் இறந்தபோது அழுதேன், ஆனால் பிடிக்கவில்லை. ஊருக்குள் வாழ வேண்டுமே, என்ன செய்வார் என்று பின்னாளில் என் வீட்டுக்காரர் கேட்டார். அந்த டீயைக் கீழே வைத்திருக்கலாம் என்றேன். வேறொன்றும் செய்ய வேண்டாம். கீழே வைத்திருக்கலாம்.

பூட்டிய பள்ளிகளைத் திறக்க அரசாங்கம் தற்காலிகமாக ஆள் எடுத்தது. படித்துவிட்டு வேலை இல்லாதவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். சம்பளம் அம்மா வாங்கியதில் நாலில் ஒரு பங்குகூட இருக்காது. தோட்டக்காரர் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"வீட்டுக்குள்ளேயே டிரெய்னிங் முடிச்ச புள்ளைய வச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடணுமாய்யா? தங்கச்சிய அனுப்பு. இப்ப உள்ள போறவுகளத்தான் பின்னாடி நிரந்தரம் பண்ணுவாகன்னு பேசிக்கிறாக."

அத்தை கதவுக்குப் பின்னால் நின்றார். "மதினி வரட்டும்ணே. ஒரு வார்த்த கேட்டுக்கிட்டு…"

"அவ என்ன கலெக்டராபீஸ்லயா இருக்கா? ஜெயில்ல இருக்கா" என்றார் அப்பா. "வீட்டுக்கு ஒரு சம்பளமாச்சும் வரணும்ல. நீ போகலைன்னா வேற எவளாச்சும் போவா. அப்ப மட்டும் ஒம் மதினிக்கு வேல திரும்பிருமா?"

அத்தைக்கு அப்போது முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வருஷமும் புதிதாகப் பயிற்சி முடித்து வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்த முகம். மறுநாள் காலை குளித்து, அம்மாவின் புடவைகளில் ஒன்றைக் கேட்காமல் எடுத்துக் கட்டிக்கொண்டு அப்பாவின் மொபெட்டில் ஏறினார். கூட்டாளிகளே, அந்தப் புடவைதான் என்னை அதிகம் எரித்தது. சாம்பல் நிறத்தில் சின்னச் சின்ன மஞ்சள் பூ. அம்மா பரீட்சை நாளில் கட்டுவது.

அத்தை நம் வகுப்பில் வந்து நின்ற முதல் நாள் உங்களுக்கு நினைவிருக்கும். பின்னம் நடத்தினார். அம்மா பின்னத்தைக் கரும்பலகையில் வட்டம் போட்டு நடத்துவாள். அத்தை ஒரு கொய்யாப்பழத்தை அறுத்து, பாதி, பாதியில் பாதி என்று நமக்கே தின்னக் கொடுத்தார். பாடம் புரிந்தது. அம்மாவிடம் புரியாதவர்களுக்கும் புரிந்தது. நீங்கள் அத்தையைச் சுற்றிக்கொண்டு ஆடினீர்கள். நான் என் கொய்யாத் துண்டை ஜன்னல் வழியாக எறிந்தேன். அத்தை நல்ல ஆசிரியர். அதைச் சொல்லாமல் விட்டால் நானும் உங்களைப் போல ஆகிவிடுவேன்.

தோட்டக்காரர் தினமும் வேப்பமரத்தடிக்கு வந்து, யாராவது கிடைத்தால் சொல்வார்: "பாத்தீகளா? அதே பாடம், அதே மணி. காவாசிச் சம்பளத்துல நடக்குது. இம்புட்டு நாளா எம்புட்டுத் தின்னுருக்காக பாருங்க." ஜன்னல் வழியாக எல்லாம் உள்ளே கேட்கும். அத்தைக்கும் கேட்டிருக்கும். ஒரு முறை சாக்பீஸ் அவர் கையில் ஒடிந்தது. குனிந்து எடுத்து மேற்கொண்டு எழுதினார். அந்த இரண்டு பெண்கள் மறுபடியும் வரவில்லை என்பதை அத்தை கவனித்தாரா என்று தெரியவில்லை. கவனித்தாலும் கேட்க முடியாது. அவரை உட்கார வைத்தவரின் பந்தலில் அல்லவா அவர்கள் இருந்தார்கள்.

உங்களில் சிலர் எனக்கென்று ஒரு பாட்டுக் கட்டினீர்கள். "டீச்சரம்மா ஜெயிலுக்கு, டீச்சர் மக தெருவுக்கு." ராகம்கூட நன்றாகத்தான் இருந்தது.

பத்துப் பதினைந்து நாள் கழித்து, ஒரு பொழுது சாயும் நேரம், அம்மா வந்தாள். கூடலூரில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தே வந்திருந்தாள். கன்னம் ஒட்டி, முடி எண்ணெயில்லாமல், உடம்பெல்லாம் பினாயில் வாடை. நான் ஓடிப் போய்க் கட்டிக்கொண்டேன். என் தலைக்கு மேலே அவள் பார்வை போனது. அத்தை கூடத்தில் உட்கார்ந்து உங்கள் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தார். சுற்றிலும் நோட்டு. கையில் சிவப்புப் பேனா.

அத்தை எழுந்திருக்க முயன்றார், முடியவில்லை. மடியில் நோட்டுகள்.

அம்மா குனிந்து ஒரு நோட்டை எடுத்தாள். புரட்டினாள். "இந்தப் பய இன்னும் 'ழ'வத் தலைகீழாப் போடுறானே. பாக்கலையா நீ?"

"மதினி…"

"சரின்னு போட்டுருக்க."

"அண்ணன்தான் மதினி…"

"அண்ணனா ஒன்னயப் படிக்க வச்சாக?"

அப்பா உள்ளே வந்தார். "வந்ததும் வராததுமா ஆரம்பிக்காத. ஒம் பேச்சக் கேட்டு நின்னுருந்தா இன்னைக்கு வீடு பட்டினி."

"பட்டினி கெடந்துருக்கலாம்ல" என்றாள் அம்மா. சத்தமே இல்லாமல் சொன்னாள். "நா அங்கன அதான செஞ்சேன்."

அன்றிலிருந்து ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு வைக்கவில்லை, அவ்வளவுதான். பேச்சு அறுந்தது. அத்தை காலையில் பள்ளிக்குப் போவார். அம்மா கிழக்குச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். மணி அடிக்கும் சத்தம் வீடு வரை கேட்கும். தண்டவாளத் துண்டில் அடிக்கிற மணி. முதல் மணிக்கு அம்மாவின் உடம்பு தானாக ஒரு முறை அசையும்.

ஆவணி நெருங்கும்போது கோர்ட்டில் தீர்ப்பாகி, மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் திரும்பச் சேர்க்கலாம் என்று வந்தது. அம்மா எழுத மாட்டாள் என்று நினைத்தேன். அப்பாவும் அப்படித்தான் நினைத்துத் தயாராகக் கத்துவதற்கு நின்றார். அம்மா சாதாரணமாகப் பேனாவை எடுத்தாள். "எத்தன புள்ளைகளுக்கு எழுத வச்சுருக்கேன், இனிமே இப்பிடிச் செய்ய மாட்டேன்னு. எல்லாம் மறுநாளும் செய்யத்தான செய்யுதுக" என்றாள்.

உத்தரவு வந்த அன்று காலை, அது தெரியாமல் அத்தை முன்னாலேயே பள்ளிக்குப் போய்விட்டார். அம்மாவும் பெரிய சாரும் வந்தபோது அத்தை கரும்பலகையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். நாம் எல்லாரும் உள்ளே. வேப்பமரத்தடியில் தோட்டக்காரரும் இன்னும் சில பேரும். விஷயம் அவர்களுக்கு எப்படியோ தெரிந்துதான் வந்திருந்தார்கள்.

பெரிய சார் தயங்கித் தயங்கி வாசலில் நின்றார். "ஏம்மா, ஆர்டர் வந்துருச்சு. நாங்க சேரணும். நீங்க இன்னைக்கோட…"

"எனக்கு யாரும் ஒண்ணும் சொல்லலையே சார்."

"சொல்ல மாட்டாகம்மா."

அத்தை வெளியே வந்து நேராகத் தோட்டக்காரரைப் பார்த்துக் கேட்டார். "நீங்கதான கூட்டியாந்து உக்கார வச்சீக? நிரந்தரமாகும்னு சொன்னீகள்ல? இப்ப என்ன சொல்றீக?"

அவர் மேல்துண்டை உதறித் தோளில் போட்டார். "நா என்னத்தா பண்றது, சர்க்காரு உத்தரவு. நீ வெசனப்படாத. நம்ம பந்தலுக்கு வா. பிஞ்சு கிள்ள ஆள் பத்தல. படிச்ச புள்ள, சுத்தமாக் கிள்ளுவ."

மரத்தடியில் சிரித்தார்கள். பள்ளிக்குள்ளும் சிரிப்புக் கேட்டது. உங்கள் சிரிப்பு. பாதியும் பாதியில் பாதியும் அவர் கையால் வாங்கித் தின்றவர்கள்தான்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவளும் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன், உண்மையைச் சொன்னால் சிரிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு வாசலுக்குக் குறுக்கே நின்றாள்.

"அவ பந்தலுக்கு வர மாட்டா" என்றாள் தோட்டக்காரரிடம். "கணக்குப் பாதியில நிக்குது. எழுதுனவ முடிச்சுட்டுத்தான் எந்திரிப்பா. அதுவரைக்கும் நா வெளிய நிக்கிறேன். நீங்க போயி ஒங்க பந்தல்ல இருக்க எம் புள்ளைக ரெண்டு பேத்தையும் அனுப்பி வைங்க. இல்லைன்னா லேபர் ஆபீஸுல எழுதிக் குடுப்பேன். மன்னிப்பு எழுதுன கைக்கு மனு எழுதவும் தெரியும்."

தோட்டக்காரர் எதையோ முணுமுணுத்துக்கொண்டு துண்டால் முகத்தைத் துடைத்தார்.

அத்தை உள்ளே போனார். கணக்கை எழுதி முடித்தார். விளக்கம் சொன்னார். "புரிஞ்சுச்சா?" என்று கேட்டார். நாம் "புரிஞ்சுச்சு டீச்சர்" என்றோம். அவரை அப்படிக் கூப்பிட்டது அதுதான் கடைசி. சாக்பீஸை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தார். அம்மா உள்ளே போனாள். வாசல் குறுகலானது. தோளோடு தோள் உரச இருவரும் கடந்தார்கள். ஒருவரையொருவர் பார்க்கவில்லை. அதைப் பாசம் என்று நான் சொல்ல மாட்டேன். அம்மாவின் தாடை இறுகியிருந்ததை நான் பார்த்தேன்.

மறுநாள் விடிவதற்குள் அத்தை ஒரு பையோடு, ஏலத்தோட்டத்துப் பெண்களோடு ஜீப்பில் நெருக்கிக்கொண்டு மலையேறிப் போனார். குமுளிப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்தார். அவருக்குச் சேர வேண்டிய அந்தக் கொஞ்சச் சம்பளமும் இழுத்தடித்து, வந்ததா இல்லையா என்றே எங்களுக்குத் தெரியவில்லை. பொங்கலுக்கு வந்தால் அண்ணனிடம் பேசுவார், என்னிடம் பேசுவார். அம்மா இருக்கும் இடத்துக்கு வர மாட்டார். "சர்க்காருக்கு மன்னிப்பு எழுதத் தெரிஞ்சவகளுக்கு எங்கிட்ட ஒரு வார்த்த பேசத் தெரியல" என்று ஒரு முறை சொன்னார். "எம் பொடவையக் கட்டிக்கிட்டு எம் நாற்காலியில உக்காந்தவ" என்று அம்மா சொன்னாள். இரண்டையும் கேட்டு வளர்ந்தேன். அம்மா அந்த மாதத்திலிருந்து சம்பளத்தை அப்பாவின் கையில் கொடுக்கவில்லை.

சில வருஷங்கள் போயின. நான் பள்ளிப் படிப்பை முடிக்கிற வருஷம் அத்தைக்கு வேலை வந்தது. பதிவு மூப்பில் வந்த அரசு வேலை. கடமலைக்குண்டுக்கு மேலே மலையோரத்தில் ஒரு பள்ளி. அதற்குள் அவருக்கு நாற்பது நெருங்கிவிட்டது. கல்யாணப் பேச்சை எல்லாரும் விட்டுவிட்டார்கள். சேர்ந்த அந்த வாரம் ஒரு சனிக்கிழமை மாலை எங்கள் வீட்டுத் தொலைபேசி அடித்தது. அப்பா வெளியே போயிருந்தார். நான்தான் எடுத்தேன்.

"பாப்பா, ஒங்கம்மாகிட்டக் குடு" என்றார் அத்தை.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கினாள். எனக்கு இரண்டு பக்கமும் கேட்டது. அந்த ரிசீவர் அப்படி இரையும்.

"மதினி, எனக்குப் பென்சன் கெடையாதாம். அந்த ஸ்ட்ரைக்கு வருசத்துக்குப் பின்னாடி சேந்தவுக யாருக்குமே கெடையாதாம்."

"அதுக்குத்தான்டி நா போனேன்" என்றாள் அம்மா.

அத்தை வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"இங்கன அஞ்சாப்புல பாதிப் புள்ளைக வரல மதினி. வந்ததுகளும் பேச மாட்டேங்குதுக. எங்கன ஆரம்பிக்கிறதுன்னு தெரியல."

"பாடத்த விடு. வராத புள்ளைக யாரு யாருன்னு கேட்டு, அவுக வீட்டுக்குப் போ. நாளைக்கே போ."

"நாளைக்கு ஞாயித்துக்கெழம மதினி."

"அன்னைக்குத்தான்டி வீட்ல இருப்பாக. போ" என்று சொல்லிவிட்டு அம்மா ரிசீவரை வைத்தாள்.